மூணாம் லைனுக்கு வராத கம்பி

"அதெல்லாம் இல்ல மதினி. எம்மக டேங்க் மேட்டுலதான் இருக்கா. நீ யாரையோ பாத்துட்டு யாரையோ சொல்லாத"ன்னு சந்தனமாரி அடிச்சுச் சொன்னா. சொன்ன வேகத்துல மொறத்துல கெடந்த ரேஷன் அரிசி ஒரு கை கீழ சிந்திப்போச்சு. பக்கத்து வீட்டு எஸ்தர் இடுப்புல கைய வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா. "நான் யாரையும் பாத்துட்டு யாரையும் சொல்லல. ஆளே இல்லைன்னுதான் சொல்றேன். எங்க சின்னவளுக்குக் கொடை குடுக்கப் போனேன். ஆறு பிள்ளைக செல்போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உம்மக இல்ல. நேத்தும் வரலையாம், முந்தாநாளும் வரலையாம். சின்னவ சொல்றா." "பாறைக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பா." "அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்லா இருக்கு? அங்க என்ன ஆட்டுக்கால் சூப்பா விக்கான், போயி உக்காந்திருக்க?" சந்தனமாரிக்கு எரிச்சல் வந்துட்டு. "காலையில எட்டு மணிக்கு டிபன் டப்பாவக் கட்டிக் கையில குடுத்து அனுப்புனவ நானு. எம்மக எங்க போறான்னு எனக்குத் தெரியாதா?"ன்னா. எஸ்தர் ஒரு மாதிரியாப் பாத்தா. "தெரிஞ்சாச் சரி"ன்னுட்டு உள்ள போயிட்டா. அந்த 'தெரிஞ்சாச் சரி' மட்டும் வாசல்லயே நின்னுக்கிட்டு, போவேனான்னு இருந்துச்சு.

டேங்க் மேட்டுலதான் இருக்கா. வேற எங்க போவா. சந்தனமாரி சிந்துன அரிசிய ஒவ்வொண்ணாப் பொறுக்குனா, கல்லையும் சேத்துப் பொறுக்குனா, திரும்பக் கல்லத் தனியா எடுத்தா. முட்டி வீங்கி இன்னியோட நாலு நாளு. கொழுந்தெடுக்கப் போகாம வீட்டோட கெடக்கிறா. சும்மா கெடக்கிற ஒடம்புக்குத்தான் மனசு காட்டுமாடு மாதிரி கண்ட பக்கமும் மேயும். வெளிய மணி நாலரை இருக்கும், ஆனா மேகம் எறங்கி வந்து எதுத்த சரிவுல தேயிலையும் தெரியல, நடுவுல நிக்கிற சவுக்கு மரமும் தெரியல. சித்திரையிலயே இப்பிடி மழை. மழை வந்தா டேங்க் மேட்டுல டவர் போயிரும்னு ஜீவிதா சொல்லுவா. மேகம் எறங்கினா ரெண்டு கோடு ஒரு கோடாவும், ஒரு கோடு பெருக்கல் குறியாவும் ஆயிருமாம். இந்த மூணாம் லைன்ல ஒட்டு ஒட்டா இருபத்தி ரெண்டு வீடு, ஒத்த வீட்டுக்குள்ளயும் செல்லு எடுக்காது. எடுக்காதுன்னு சொல்லக்கூடாது, கோடி வீட்டுத் தங்கபுஷ்பம் வீட்ட ஒட்டுன லைன் கக்கூஸுல ஒரு மூலையில மட்டும் எடுக்கும். அவ புருசன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணுனா அவ அங்க போயி நின்னுதான் பேசுவா. அர மணி நேரம் குடும்பம் நடத்துவா. வெளிய வாளியோட நாலு பேரு நின்னு, "ஏட்டி, மிச்சத்த லெட்டர் எழுதிப் போடு, வெளிய வா"ன்னு கத்துவாக. அதுக்குள்ள போயி உக்காந்து பிள்ளைக பாடம் படிக்க முடியுமா? பன்னெண்டாம் வகுப்புக்குப் போகப்போற பிள்ளைகளுக்கு லீவுலயே பாடத்த ஆரம்பிச்சுட்டாக. எல்லாம் செல்லுல. காலையில பாடம் வரும், சாயந்திரம் பரீட்சை வரும். இருபது கேள்வி, இருபது நிமிசம். வரிசையா மூணு பரீட்சை எழுதலைன்னா பேரை எடுத்துருவாக, அப்புறம் நர்ஸு படிப்புக்கான பயிற்சியில சேக்க மாட்டாக. அதனாலதான் தண்ணி டேங்க் இருக்கிற அந்த மேடு. முக்கா மணி நேர ஏத்தம். அட்டை கடிச்சுக் கடிச்சு அவ கணுக்கால் ரெண்டும் அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஒரு நாளு காட்டுமாடு ஒண்ணு வந்து வழியில நின்னுக்கிட்டு நகரவே மாட்டேன்னுருச்சு. பிள்ளைக எல்லாம் டேங்க் மேல ஏறி உக்காந்துக்கிட்டாக. மத்ததுக அழுகுதுக, இவ மட்டும் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தாளாம். வீட்டுக்கு வந்து சொல்றா, "அம்மா, அது என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, பதினாலாவது கேள்விக்கு அதுகிட்டதான் விடை கேட்டேன்"னு. சிரிச்சுக்கிட்டே சொன்னா. சந்தனமாரிக்குச் சிரிப்பு வரல.

அவ அங்கதான் இருக்கா. எஸ்தரோட சின்னவ பொய் சொல்லுவா. அஞ்சாம் வகுப்புல இருந்தே பொய் சொல்லுவா. ஆனா எஸ்தர் பொய் சொல்ல மாட்டாளே. கோயிலுக்குப் போறவ, வாய் துடுக்கு ஒண்ணுதான், பொய் கெடையாது. எஸ்தர் வாயில இருந்து அந்தப் பேச்சு வந்திருக்கலாம், 'நீதான வேண்டாம்னு சொன்ன'ன்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துதான் நின்னுச்சு. சந்தனமாரி பாத்தா. எஸ்தர் பாத்த பார்வைக்கு வேற அர்த்தமே கெடையாது. போன வருசம் மாசி மாசம் அது. பள்ளிக்கூடத்து டீச்சரும், தோள்ல கறுப்புக் கம்பிச் சுருள மாட்டுன ஒரு ஆளும் லைனுக்கு வந்தாக. பஞ்சாயத்துல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நெட்டுக் கம்பி வந்துட்டு, அதுலருந்து லைன் லைனாப் பிள்ளைக படிக்கிறதுக்கு இழுத்துத் தாறோம், காசு ஒண்ணும் வேண்டாம், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வீட்டுல பொட்டி வைக்கணும், அந்த வீட்டுக்காரங்க ஒரு கையெழுத்துப் போடணும்னு சொன்னாக. அந்தக் கையெழுத்துங்கிற வார்த்தைதான். அந்த ஆளு ஒரு பேப்பரை நீட்டுறான். வீட்டு நம்பர், குடியிருக்கிறவங்க பேரு, வயசு, வேலை நம்பர் எல்லாம் எழுதணுமாம். வயசு எதுக்கு? நெட்டுக்கம்பிக்கு என் வயசு எதுக்கு? டீச்சர் நல்ல பிள்ளை, புதுசா வந்தவ, அவளுக்கு எஸ்டேட்டப் பத்தி என்ன தெரியும். இங்க வீடு யாரோடது? வேலையோடது. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வயசு அம்பத்தெட்டு முடிஞ்சா ரிட்டயர்டு, சாவிய ஆபீஸுல குடுத்துட்டு மலை எறங்கணும், வீட்டுல யாராச்சும் பேரு பதிஞ்சு வேலைக்கு வந்தா வீடு நிக்கும். நாலு தலைமுறையா இதே ஓட்டுக்குக் கீழ பொறந்து செத்தாலும் ஆணி அடிச்ச செவுரு கூட நம்மளுது கெடையாது. சுடலைமுத்துச் சித்தப்பாவுக்கு நடந்தது இந்த டீச்சருக்குத் தெரியுமா? அவரு கட்டு மஸ்தான ஆளு, ஒரு கையில காட்டுமாட்டுக் கன்னுக்குட்டியத் தூக்குவாருன்னு சொல்லுவாக, நான் பாக்கல. அவருகிட்ட அந்தக் காலத்து கிளார்க்கு ஒருத்தன் வந்து, லைனுக்குக் கக்கூஸு கட்டித் தாறோம், எத்தன ஆளுன்னு கணக்கெடுக்கோம், கைநாட்டு வையின்னான். வச்சாரு. அடுத்த மாசம் ஆபீஸுல கூப்பிட்டு, நீயாத்தான வேலைய விட்டுக்கிடுதேன்னு எழுதிக் குடுத்திருக்கன்னுட்டான். மழைக்காலத்துல சட்டி பானையோட எறக்கி விட்டான். பஸ்ஸு கெடைக்காம சித்தி டீத்தூள் லாரியில ஏறுனா. ஏறும்போது ஒரு கோழிய மடியில வச்சிருந்தா, அந்தக் கோழி கத்துன கத்து இன்னமும் காதுல இருக்கு. அந்தக் கக்கூஸு மட்டும் கட்டுனான். அதுதான் இப்ப தங்கபுஷ்பம் நின்னு பேசுற கக்கூஸு.

அதனாலதான் சந்தனமாரி வேண்டாம்னு சொன்னா. நெட்டு வேண்டாம்னு அவ சொல்லல, கையெழுத்து வேண்டாம்னுதான் சொன்னா. ரெண்டும் ஒண்ணாயிரும்னு அப்பத் தெரியல. அன்னைக்குச் சாயந்திரம் முட்டி நல்லா இருந்த காலம், இருபத்தி ரெண்டு வீட்டுக்கும் ஏறி எறங்குனா. "இது ரிட்டயர்டாகப் போற ஆளு யாரு யாருன்னு கணக்கெடுக்கிறது. வயசு கேக்கான், வேலை நம்பர் கேக்கான், அப்புறம் வீட்டக் கேப்பான். யாரும் கையெழுத்துப் போடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. எல்லாரும் கேட்டாக. அவ சொன்னா கேப்பாக, கூலி உயர்வுக்கு உண்ணாவெரதம் இருந்தப்போ முன்னால உக்காந்தவ. எஸ்தர் மட்டும், "மதினி, டீச்சர் முகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலயே"ன்னா. "முகத்தப் பாத்தா யாரு எப்பிடின்னு தெரிஞ்சிருமா. சுடலைமுத்துச் சித்தப்பாகிட்ட வந்தவன் முகமும் பச்சப் பிள்ளை முகந்தான்"னு வாய அடைச்சா. ஜீவிதா அடுப்படியில நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்தை பேசல. பேசியிருக்கலாம். பொட்டப்பிள்ளை, பேசுனா நான் என்ன அடிச்சா விரட்டுவேன்? மறுநாள் டீச்சர் வந்து லைன் முனையில அர மணி நேரம் நின்னா, மழையில நனைஞ்சா, ஒருத்தரும் வெளிய வரல. அந்த ஆளு கம்பிச் சுருளத் திரும்பத் தோள்ல மாட்டிக்கிட்டு எஸ்டேட்டோட ரெண்டாம் டிவிஷனுக்குப் போயிட்டான். அங்க போட்டாக. ஒருத்தர் வீடும் போகல. ஒருத்தரும் மலை எறங்கல. அங்க பிள்ளைக வீட்டுக்குள்ள கம்பளிக்குள்ள காலை விட்டுக்கிட்டு, கடுங்காப்பி குடிச்சுக்கிட்டு பாடம் பாக்குதாம். போன தடவை பரீட்சையில மொத எடம் ரெண்டாம் டிவிஷன். ரெண்டாவது எடமும் ரெண்டாம் டிவிஷன். சந்தனமாரி அதுக்கப்புறம் ஒரு நாளு தனியா டீச்சர் வீட்டுக்குப் போயி, நான் போடுதேன் கையெழுத்து, வாங்கன்னு சொல்லணும்னு கெளம்புனா. பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் போனா. டீச்சர் மாத்தலாகிப் போயி ஒரு மாசம் ஆயிருந்துச்சு. புதுசா வந்த சார், "அந்தத் திட்டத்துல இருந்த காசு முடிஞ்சிருச்சும்மா, அடுத்து எப்ப வருமோ"ன்னுட்டாரு. இத யாருகிட்டயும் அவ சொல்லல. எஸ்தர்கிட்டயும் சொல்லல. மககிட்டயும் சொல்லல.

மழை வலுத்துச்சு. அரிசியக் களைஞ்சு உலையில போட்டா. மூணு நாளா இல்லைன்னா எங்க போறா? டிபன் டப்பா காலியாத்தான் வருது. காலையில போகும்போது தலைய இறுக்கிப் பின்னிக்கிட்டுப் போறா. முன்னல்லாம் சடை தளரத் தளர விட்டுக்கிட்டுத் திரிவா. எதுக்கு இறுக்கிப் பின்னுறா? யாருக்காகப் பின்னுறா? சீ, அப்பிடி நெனைக்கக் கூடாது. நெனைச்சுட்டாளே. பதினெட்டு வயசு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருசம் பிந்திச் சேத்ததால இன்னமும் படிச்சுக்கிட்டு இருக்கா, மத்தபடி அவ வயசுல சந்தனமாரிக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. கல்யாணம் ஆகி இருவது வருசம் கழிச்சுப் பொறந்தவ இவ. அதுவரைக்கும் மலடி மலடின்னு கேட்ட காது. இவ அப்பன் செல்லையா, குழந்தையக் கையில வாங்குன அன்னைக்கு, "இது கை கொழுந்து கிள்ளாது"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, அதிகம் பேசுற ஆளு கெடையாது. தேயிலைக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு நெஞ்சு போயிச் செத்தாரு. சாகும்போது கூட அவரு பேசுனது பிள்ளையப் பத்தி இல்ல, கூரையில ஓடு மாத்தணும்னுதான். மனுசன் மனசு அப்பிடித்தான் இருக்கு. உலை பொங்கி அடுப்ப அணைக்கப் பாத்துச்சு. மூடிய எடுத்தா, சுட்டுருச்சு, வெரல வாயில வச்சுக்கிட்டா. பிள்ளைய ஒண்ணும் செஞ்சிருக்காது. சிறுத்தை பகல்ல வராது. வரும். போன வருசம் பக்கத்து எஸ்டேட்டுல நாலு மணிக்கு வந்துச்சு, அஞ்சு வயசுப் பிள்ளை, துணி தொவைக்கிற கல்லுப் பக்கத்துல. அந்தத் தாயி அடுப்புல உலை வச்சுட்டு வந்து பாத்தா. அதயெல்லாம் இப்ப எதுக்கு. ஜீவிதா பெரிய பிள்ளை. உக்காந்தா சின்னதாத் தெரியும். செல்லு பாக்கும்போது குனிஞ்சு முட்டியக் கட்டிக்கிட்டுத்தான் உக்காருவா. குனிஞ்சு உக்காந்தா சிறுத்தைக்கு ஆடு மாதிரித் தெரியும்னு ஃபாரஸ்ட்டுக்காரர் ஒருத்தர் சொன்னாரு. நிமிந்து உக்காருன்னு சொல்லணும்னு நெனைச்சு மறந்துபோச்சு. ஆனா அவ டேங்க் மேட்டுலயே இல்லைன்னா குனிஞ்சா என்ன நிமிந்தா என்ன. சந்தனமாரி செல்லு எப்பவும் தொங்குற ஆணிய ஒரு தடவை பாத்தா. வெறும் ஆணி. வீட்டுக்கு ஒரே செல்லு, அது அவகிட்ட. எஸ்தர்கிட்ட வாங்கிக் கூப்பிடலாம், கக்கூஸுக்குத்தான் போகணும், போனாலும் டேங்க் மேட்டுல இருந்தாத்தான் அது அடிக்கும். அடிக்கலைன்னா? அடிக்கலைன்னாத் தெரிஞ்சிரும். தெரிய வேண்டாம்னு இருந்துச்சு அவளுக்கு. தெரியாத வரைக்கும் அங்கதான் இருக்கா.

அஞ்சு மணிச் சங்கு ஊதுச்சு. பாக்டரிச் சங்கு மழையில தூரத்துல ஆனை கத்துற மாதிரி கேக்கும். எஸ்தரோட சின்னவ கொடையோட வந்துட்டா. மத்த அஞ்சு பிள்ளைகளும் செல்லப் பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, தலைய நனைய விட்டுக்கிட்டு ஓடி வருதுக. சந்தனமாரி வாசல் நெலையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, சின்னவளோட ஆறு. மேட்டு வழி காலியாயிட்டு. எஸ்தர் தன் வீட்டு வாசல்ல வந்து நின்னா, சந்தனமாரி அவ பக்கம் திரும்பல. காலு தன்னால மேட்டு வழிக்கு ரெண்டு எட்டு வச்சுச்சு. முட்டி பிடிச்சு நிப்பாட்டிருச்சு. அப்பத்தான் கீழ, ஆபீஸு ரோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு ஆளு மழைக்குள்ள ஏறி வர்றது தெரிஞ்சுச்சு. தலையில பிளாஸ்டிக் சீட்டு. நடை மட்டும் ஜீவிதா நடை. டேங்க் மேடு மேல இருக்கு, இவ கீழ இருந்து வர்றா. சந்தனமாரி மடமடன்னு உள்ள திரும்பி அடுப்பு முன்னால உக்காந்துக்கிட்டா. எதுக்கு அப்பிடிச் செஞ்சான்னு அவளுக்கே தெரியல. பதறிக்கிட்டு நின்னத அவ பாக்க வேண்டாம்னா, இல்ல கேக்கப் பயந்துக்கிட்டா, ரெண்டுல ஒண்ணு.

ஜீவிதா வாசல்ல எதையோ எறக்கி வச்சா, சொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. உள்ள வந்து தலையத் தொவட்டிக்கிட்டா. டிபன் டப்பாவத் தரையில வச்சா. "கஞ்சி இருக்கா?"ன்னு கேட்டா. சந்தனமாரி திரும்பாமயே, "பரீட்சை எழுதியாச்சா?"ன்னா. ஜீவிதா அடுப்புக்குப் பக்கத்துல வந்து குந்தி, கைய நீட்டிக் காய வச்சா. அந்தக் கைய சந்தனமாரி பாத்தா. பெருவெரல்லயும் ஆள்காட்டி வெரல்லயும் கறுப்புக் கறை. நகத்துக்கு அடியில பச்ச. முப்பத்தொம்போது வருசமா தன் கையிலயே பாத்த கறை, அதுக்கு யாரும் வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல. "எத்தன நாளா?"ன்னு கேட்டா. "திங்கக்கெழமையில இருந்து. ரெண்டாம் டிவிஷன்ல ஆள் பத்தலைன்னாக. மேஸ்திரி தற்காலிகத்துல பேரு எழுதிக்கிட்டாரு. ரெண்டு வருசம் நின்னாப் பதிஞ்சிருவாகளாம், அதுவரைக்கும் வீட்டக் கேக்க மாட்டோம்னு ஆபீஸுல சொன்னாக." "யார்றி ஒன்னையக் கேட்டா?" "யாரும் கேக்கல. ஆவணியில உனக்கு ரிட்டயர்டு. எங்கம்மா போறது? சித்தி மாதிரி லாரியிலயா?" அந்தக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லி வளத்தது இந்த வாயிதான். "உன் பரீட்சை?" "அது சுத்திக்கிட்டே இருக்கும்மா. வட்டம் சுத்தும், கேள்வி வராது. இருபது நிமிசத்துல ஏழு கேள்விதான் வரும். மூணு தடவை அப்பிடி ஆயிட்டு. போன வெள்ளிக்கெழமையே பேரை எடுத்துட்டாக." அவ அழுகல. கையத் திருப்பி மறுபக்கத்தக் காய வச்சா. "இன்னைக்கு மத்தியானம் அங்க நெட்டுப் பொட்டி இருக்கிற வீட்டு வாசல்ல உக்காந்துதான் சாப்பிட்டோம். அந்த வீட்டுக் கோமதியக்கா என் செல்லுல நெட்டுக்கான நம்பர் போட்டுக் குடுத்துச்சு. மொத்தப் பாடமும் தடதடன்னு வந்து விழுந்துச்சு, ஒரு நிமிசம் கூட ஆகல. நாப்பத்தி மூணு வீடியோ"ன்னா. "பாத்தியா?" "ஒண்ணு பாத்தேன். அதுக்குள்ள மேஸ்திரி விசிலடிச்சுட்டாரு."

சந்தனமாரிக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் போனத சொல்லணும், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லணும், நாளைக்குப் போகாதன்னு சொல்லணும். போகாதன்னா வீடு? வீடு போனாப் போகுதுன்னா அடுத்த வேளை எங்க உலை வைக்க? ஒண்ண எடுத்தா இன்னொண்ணு வந்து நின்னுச்சு. ஜீவிதா அவ முகத்தப் பாக்கல. பாத்திருந்தா ஒருவேளை ஏதாச்சும் சொல்லியிருப்பாளோ என்னவோ. சந்தனமாரி கஞ்சிய ஊத்தி உப்பப் போட்டு மக முன்னால வச்சா. அந்தக் கறை வெரலாலயே அவ உப்பக் கலக்குனா. வெளிய ஓட்டுல இருந்து தண்ணி தாரையா விழுந்துச்சு, வாசல்ல கெடந்தது மேல படபடன்னு அடிச்சுச்சு. சந்தனமாரி கழுத்த நீட்டிப் பாத்தா. புதுப் படங்கு. கொழுந்தெடுக்கப் போறவக இடுப்புல சுத்திக் கட்டுற தார்ப்பாய்த் துண்டு, மடிப்புக் கூட இன்னமும் முழுசாக் கலையல. பொறத்தால நூல்ல நம்பர் தச்சிருந்துச்சு. மழை முழுசும் அது மேலயே எறங்குச்சு. சந்தனமாரி எப்பவும் போல அதட்டுற குரல வரவழைச்சுக்கிட்டுச் சொன்னா.

"ஏட்டி ஜீவிதா, அத மழையில போட்டுட்டா வந்து உக்காந்திருக்க? ஈரத்தோட கட்டுனா விடியக்காலக் குளிருல இடுப்பு மரத்துப் போயிரும்டி. கஞ்சி அங்கயே இருக்கட்டும். எந்திரிச்சுப் போயி உள்ள கொண்டா."